கார் எங்கே தூங்கும்?

1888-ஆம் வருடம், ஆகஸ்ட் மாதம். ஜெர்மனியில் மன்ஹைம் என்கிற ஊர். விடிந்தும் விடியாத நேரம். கார்ல் பென்ஸ் இன்னும் எழுந்திருக்கவில்லை. அவருடைய மனைவி பெர்த்தா, சத்தம் போடாமல் பையன்கள் இரண்டு பேரையும் கிளப்பினார். பெரியவனுக்குப் பதினைந்து வயது, சின்னவனுக்குப் பதின்மூன்று. கணவர் கண்டுபிடித்து நிறுத்தி வைத்திருந்த மூன்று சக்கர மோட்டார் வண்டியை மூன்று பேருமாகத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்கள். கிளம்பிவிட்டார்கள்.

எங்கே? அம்மா வீட்டுக்கு!

போர்ஸ்ஹைம் என்கிற ஊரில் பெர்த்தாவின் பிறந்த வீடு. சுமார் 100 கிலோ மீட்டர். அதுவரைக்கும் அந்த வண்டி தெருமுனை தாண்டிக் கொஞ்ச தூரம் போய்த் திரும்பியதுதான் சாதனை. வழியில் எரிபொருள் தீர்ந்துபோனது. பெட்ரோல் பங்க் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. வீஸ்லோக் என்கிற ஊரில் ஒரு மருந்துக் கடை இருந்தது. துணிக் கறை நீக்குவதற்காக அங்கே விற்றுக்கொண்டிருந்த லிக்ராயின் என்கிற திரவத்தை வாங்கி ஊற்றிக்கொண்டார். குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் செருகியிருந்த ஊசியை எடுத்துக் குத்திச் சரி செய்தார். மேடு வந்தால் பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். பொழுது சாய்ந்தபிறகு ஊர் போய்ச் சேர்ந்து, வந்துவிட்டோம் என்று கணவருக்குத் தந்தி கொடுத்தார்.

உலகத்தின் முதல் நெடுந்தூரக் கார் பயணம் இதுதான். பந்தயத்துக்காக இல்லை. ராணுவத்துக்காக இல்லை. ஒரு பெண், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மாவைப் பார்க்கப் போனது.

இந்தக் கதை எனக்கு ஞாபகம் வந்ததற்குக் காரணம், எங்கள் வீட்டில் மூன்று மாதமாக நடந்த ஒரு பஞ்சாயத்து.

பழைய பெட்ரோல் காருக்குப் பதினோரு வயது ஆகிவிட்டது. மாற்ற வேண்டும். எலக்ட்ரிக் கிராஸ்ஓவர் வாங்கலாம் என்றாள் என் மனைவி. கிராஸ்ஓவர் என்றால் பயந்துவிடாதீர்கள். ஜீப் மாதிரி உயரம், கார் மாதிரி சொகுசு, பின்னால் நாலு பெட்டி வைக்க இடம், அவ்வளவுதான். இன்றைக்கு ரோட்டில் பார்க்கிற குடும்பக் கார்களில் பாதி இந்த ரகம். எனக்கு வண்டியின் மேல் ஆட்சேபணை இல்லை. எலக்ட்ரிக் என்பதுதான் இடித்தது.

‘‘ஊருக்கு எப்படிப் போறது?’’ என்றேன். எங்கள் ஊர் திருநெல்வேலிப் பக்கம். சென்னையிலிருந்து 600 கிலோ மீட்டருக்கு மேல்.

‘‘ஏங்க, போன வருஷம் எத்தனை தடவை கார்ல ஊருக்குப் போனோம்?’’

யோசித்தேன். பொங்கல், கோயில் கொடை, ஒரு கல்யாணம், தீபாவளி. நான்கு தடவை. போக ஒரு நாள், வர ஒரு நாள். ஆக எட்டு நாள்.

‘‘மிச்சம் முந்நூத்தம்பத்தேழு நாள் வண்டியை ஓட்டறது யாரு?’’

அவள்தான். ஸ்கூல், ஆபீஸ், காய்கறி, அவள் அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போவது. எல்லாம் சேர்த்தால் ஒரு நாளைக்கு 40 கிலோ மீட்டர். நான் பி.காம். படித்தவன். கணக்கை எடுத்து முன்னால் போட்டால் வாயை மூடிக்கொள்கிற ஜாதி. மூடிக்கொண்டேன்.

எட்டு நாளா, முந்நூற்று ஐம்பத்தேழு நாளா? எங்கள் வீட்டில் புதிதாக முளைத்த கேள்வி இல்லை இது. நூற்று இருபது வருடமாகக் கார் வாங்குகிற ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. ஒரு முறை இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில், ஒரு பெரிய தொழிலையே காலி செய்துவிட்டது.

எலக்ட்ரிக் கார் ஏதோ நேற்று வந்த சமாசாரம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1900-ஆம் வருடத்து அமெரிக்க சென்சஸ் கணக்கைப் பாருங்கள். அந்த நாட்டில் தயாரான கார்கள் மொத்தம் 4,192. அதில் நீராவியில் ஓடியவை 1,681. மின்சாரத்தில் ஓடியவை 1,575. பெட்ரோல் கார்கள்? வெறும் 936. கடைசி இடம்! அதற்கு முந்தைய வருடம், 1899-ல், பிரான்சில் கமீல் ஜெனாட்ஸி என்கிற பெல்ஜியக்காரர், டார்பிடோ குண்டு மாதிரி இருந்த ஒரு வண்டியில் உட்கார்ந்து மணிக்கு 105 கிலோ மீட்டர் வேகத்தைத் தொட்டார். மனிதன் காரில் 100-ஐத் தாண்டியது அதுதான் முதல் தடவை. அதுவும் பேட்டரி வண்டிதான்.

அப்படியென்றால் பெட்ரோல் எப்படி ஜெயித்தது?

அதற்கு 1896-க்குப் போக வேண்டும். டெட்ராய்ட் நகரத்தின் எடிசன் மின்சார கம்பெனியில் தலைமை இன்ஜினீயராக ஒரு இளைஞர். பெயர் ஹென்றி ஃபோர்ட். வேலை செய்வது மின்சார கம்பெனியில், ராத்திரி வீட்டில் செய்து பார்ப்பதோ பெட்ரோல் வண்டி. நியூயார்க்கில் கம்பெனி மாநாட்டு விருந்து ஒன்றில் தாமஸ் ஆல்வா எடிசனையே நேரில் பார்க்கிற வாய்ப்பு கிடைத்தது. தன் வண்டியைப் பற்றி விளக்கினார். எடிசன் திட்டுவார் என்றுதானே எதிர்பார்ப்போம்? அவர் மேஜையைத் தட்டி உற்சாகப்படுத்தினார். எலக்ட்ரிக் வண்டி மின் நிலையத்தைச் சுற்றிச் சுற்றித்தான் வர வேண்டும், பேட்டரி ரொம்ப கனம், உன் வண்டியோ தன் எரிபொருளைத் தானே சுமந்துகொண்டு போகிறது, விடாதே என்றாராம். பிற்காலத்தில் ஃபோர்டே சொன்னது இது.

பெட்ரோல் காருக்கு ஆசி வழங்கியவர், மின்சாரத்தின் தலைமகன்!

1908-ல் ஃபோர்டின் மாடல் ‘டி’ வந்தது. சாதாரணக் குடும்பமும் வாங்கக் கூடிய கார். உலகமே அதன் பின்னால் ஓடியது. ஆனால் ஃபோர்ட் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா?

திருமதி கிளாரா ஃபோர்ட் ஊருக்குள் போய்வர வைத்திருந்தது டெட்ராய்ட் எலக்ட்ரிக். போட்டிக் கம்பெனி தயாரித்த பேட்டரி கார்! ஒன்றில்லை, 1908-லிருந்து 1914-க்குள் மூன்று வாங்கினார்கள். மனைவிக்காக வாங்கிக் கொடுத்தவர் சாட்சாத் ஹென்றி ஃபோர்டேதான். அந்த 1914 மாடல் வண்டி, டியர்பார்னில் ஃபோர்ட் பெயரிலேயே இருக்கிற மியூசியத்தில் நிற்கிறது.

கிளாராவைக் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்துப் பெட்ரோல் காரைக் கிளப்புவது என்றால் முன்னால் போய் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். சில நேரம் அது திருப்பி உதைக்கும். மணிக்கட்டு முறியும். அந்த முறிவுக்கு டாக்டர்கள் தனியாக ஒரு பெயரே வைத்திருந்தார்கள் - டிரைவர் எலும்பு முறிவு. புகை, சத்தம், எண்ணெய் நாற்றம் எல்லாம் போனஸ்.

டெட்ராய்ட் எலக்ட்ரிக்கில் ஏறி உட்கார்ந்து லீவரை நகர்த்தினால் போதும், கிளம்பிவிடும். நாலு பக்கமும் கண்ணாடி. மழையில் நனைய வேண்டாம். ஸ்டீயரிங் சக்கரம் கூடக் கிடையாது, படகைத் திருப்புகிற மாதிரி ஒரு நீண்ட கைப்பிடி. ஓட்டுகிறவர் பின் சீட்டில் உட்கார, முன்னால் இருப்பவர் அவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்ளலாம். ஹாலில் பேசிக்கொண்டிருப்பது போலவே பேசிக்கொண்டு போகலாம். வேகம் மணிக்கு 30, 40 கிலோ மீட்டர். ஒரு சார்ஜுக்குச் சுமார் 130 கிலோ மீட்டர் ஓடும். விளம்பரத்துக்காக ஒரு தடவை 211 மைல் - அதாவது 340 கிலோ மீட்டர் - ஓட்டிக் காட்டினார்கள். ஷோரூமில் ஒரு தூரம், ரோட்டில் ஒரு தூரம் என்கிற கதை அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

கிளாராவின் 357 நாளுக்கு இது போதும். தாராளமாகவே போதும்.

சரி, எங்கே சறுக்கியது?

வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று. ஒன்று, எண்ணெய். 1901 ஜனவரியில் டெக்சஸ் மாநிலம் ஸ்பிண்டில்டாப்பில் பூமியைப் பிய்த்துக்கொண்டு எண்ணெய் பீறிட்டது. அமெரிக்காவில் பெட்ரோலுக்குப் பஞ்சமே இல்லாமல் போனது. இரண்டு, விலை. 1914-ல் கிளாராவின் கார் 3,700 டாலருக்கு மேல். அவர் கணவர் விற்ற காரோ ஐந்நூறு டாலர் சுற்றுவட்டாரத்தில் கிடைத்தது. ஏழு மடங்கு வித்தியாசம். மூன்றாவது காரணம்தான் சோகம். சார்லஸ் கெட்டரிங் என்கிற இன்ஜினீயர் செல்ஃப் ஸ்டார்ட்டரைக் கண்டுபிடித்தார். 1912 மாடல் கேடிலாக் கார்களில் அது வந்தது. கைப்பிடி சுழற்ற வேண்டாம், பட்டனை அழுத்தினால் போதும். பெட்ரோல் இன்ஜினைக் கிளப்பிவிட்டது எது? ஒரு சின்ன எலக்ட்ரிக் மோட்டாரும் ஒரு பேட்டரியும். எலக்ட்ரிக் காரின் கதையை முடித்த ஆயுதமே எலக்ட்ரிக்தான்.

எடிசன் சும்மா இருக்கவில்லை. நிக்கலும் இரும்பும் சேர்த்துப் புது பேட்டரி செய்கிறேன் என்று 1901-லேயே கிளம்பினார். முதலில் வந்தது ஒழுகியது. நிறுத்திவிட்டு மறுபடி உட்கார்ந்தார். நல்ல பேட்டரி கைக்கு வந்தபோது 1910 ஆகிவிட்டது. 1914 ஜனவரியில் ஃபோர்டும் எடிசனும் சேர்ந்து மலிவு விலை எலக்ட்ரிக் கார் கொண்டு வருவதாகப் பத்திரிகையில் செய்தி வந்தது. செய்தி வந்தது, கார் வரவில்லை.

இந்த மூன்று காரணமும் உண்மை. ஆனால் என்னைக் கேட்டால், நாலாவதாக ஒன்று இருக்கிறது. மற்ற மூன்றையும் விடப் பெரியது.

எட்டு நாள்.

கார் வாங்கப் போனவர்கள் தினசரி போகிற தூரத்தை மனதில் வைத்துக்கொண்டு போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊரை விட்டு வெளியே போவதை நினைத்துக்கொண்டு போனார்கள். அத்தை வீடு, ஏரிக்கரை, மலைப்பாதை. அங்கெல்லாம் மின்சாரம் கிடையாது. கிராமத்து மளிகைக் கடையில் ஒரு டின் பெட்ரோல் கிடைத்துவிடும். பெர்த்தா பென்ஸுக்கு மருந்துக் கடையில் கிடைத்ததே, அந்த மாதிரி! வருடத்தில் எட்டு நாள் மட்டும் தேவைப்படுகிற வேலையை எந்த வண்டி செய்ததோ, அது மிச்ச 357 நாளையும் சேர்த்து எடுத்துக்கொண்டது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. அந்த எலக்ட்ரிக் கார் ராத்திரி எங்கே தூங்கும்?

பெட்ரோல் காரை எங்கே வேண்டுமானாலும் நிறுத்திவிட்டுப் போகலாம். எலக்ட்ரிக் கார் அப்படி இல்லை. தூங்குகிற இடத்தில்தான் அதற்குச் சாப்பாடு. அன்றைக்கு அமெரிக்காவிலேயே பெரும்பாலான வீடுகளில் கரன்ட் கிடையாது. இருந்த வீடுகளிலும் ஒரு சிக்கல். பல இடங்களில் வந்தது ஏ.சி. மின்சாரம், பேட்டரிக்கு வேண்டியது டி.சி. அதை மாற்றித் தர, பாதரசத்தை வைத்து ஒரு கருவி வந்தது. பெரிய கண்ணாடிக் குடுவை, உள்ளே ஊதா நிறத்தில் தகதகக்கும். பணக்காரர்கள் வீட்டு ஷெட்டில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மற்றவர்கள்? நகரங்களில் எலக்ட்ரிக் கராஜ் என்று இருந்தன. மாத வாடகை கொடுத்தால் அவர்களே ராத்திரி காரைக் கொண்டுபோய் சார்ஜ் போட்டுத் துடைத்துக் காலையில் வாசலில் விடுவார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் செலவு!

ஹார்ட்ஃபோர்ட் என்கிற ஊரின் மின்சார கம்பெனி இதற்கு ஒரு பிரமாதமான வழி கண்டுபிடித்தது. லாரியை பேட்டரி இல்லாமல் வாங்கிக்கொள், பேட்டரியை நான் தருகிறேன், காலியானால் நொடியில் மாற்றியும் தருகிறேன், ஓடிய மைலுக்குக் காசு கொடு என்றது. 1910 வாக்கில் ஆரம்பித்த அந்தத் திட்டம் 1924 வரை நடந்தது. அந்த லாரிகள் மொத்தமாக 60 லட்சம் மைலுக்கு மேல் ஓடின. இந்தத் திட்டத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

டெட்ராய்ட் எலக்ட்ரிக் மூச்சைப் பிடித்துக்கொண்டு 1939 வரை இருந்தது. பிறகு ஐம்பது வருடம் நிசப்தம்.

1990-ல் கலிஃபோர்னியா அரசாங்கம் ஒரு போடு போட்டது. பெரிய கம்பெனிகள் 1998-லிருந்து தாங்கள் அங்கே விற்கும் கார்களில் 2 சதவீதத்தைப் புகையே விடாத கார்களாக விற்க வேண்டும். அலறியடித்துக்கொண்டு எல்லாரும் எலக்ட்ரிக் கார் செய்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1996-ல் கொண்டு வந்த இ.வி.1 பார்க்க ராக்கெட் மாதிரி இருக்கும். விற்க மாட்டோம், குத்தகைக்குத்தான் தருவோம் என்றார்கள். கடைசியில் எல்லாவற்றையும் திரும்ப வாங்கி, பெரும்பாலானவற்றை நசுக்கிப் போட்டார்கள். அதைப் பற்றி 2006-ல் ஒரு ஆவணப் படமே வந்தது. ஆனால் இ.வி.1-ல் இரண்டு பேர்தான் உட்காரலாம். குடும்பத்துக்கு ஆகாது.

குடும்பத்துக்கு ஆகிற வண்டி, அதிகம் பேசப்படாமல் பக்கத்திலேயே இருந்தது. டொயோட்டாவின் ராவ்4. கிராஸ்ஓவர் என்கிற ரகத்தை ஆரம்பித்து வைத்த வண்டிகளில் ஒன்று அது. 1997-ல் அதன் எலக்ட்ரிக் வடிவம் வந்தது. பின் சீட், டிக்கி எல்லாம் உண்டு. ஒரு சார்ஜுக்கு 150 கிலோ மீட்டர். மொத்தம் 1,500 வண்டிகள் இருந்தால் அதிகம். முதலில் பெரும்பாலும் நிறுவனங்களுக்குத்தான் கொடுத்தார்கள். 2002-ல் கொஞ்ச நாள் பொதுமக்களுக்கும் விற்றார்கள். 42,000 டாலர் விலை. தெற்கு கலிஃபோர்னியாவின் மின்சார கம்பெனி தன் ஊழியர்களுக்கு இதை வாங்கிக் கொடுத்து ஓட்ட வைத்தது. சில வண்டிகள் ஒரு லட்சம் மைலைத் தாண்டின. தினசரி வாழ்க்கைக்கு எலக்ட்ரிக் கிராஸ்ஓவர் உழைக்கும் என்பது அங்கேயே நிரூபணமாகிவிட்டது. ஆனால் 2003-ல் அரசாங்கம் விதியைத் தளர்த்தியது. கம்பெனிகள் கடையைச் சாத்தின.

நம் நாட்டுக் கதையும் ஒன்று உண்டு. 1993-ல் லவ்பேர்ட் என்று ஒரு குட்டி எலக்ட்ரிக் கார். ஜப்பான் கம்பெனி ஒன்றின் தொழில்நுட்ப உதவியோடு சாலக்குடியிலும் நம் கோயம்புத்தூரிலும் செய்தார்கள். ஒரு சார்ஜுக்கு 60 கிலோ மீட்டர். மேடு ஏறச் சிரமப்படும். விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் விற்றது. 2001-ல் பெங்களூரிலிருந்து சேத்தன் மைனியின் ரேவா வந்தது. 80 கிலோ மீட்டர் ஓடும். நாலு பேர் உட்காரலாம் - அதில் இரண்டு பேர் குழந்தைகளாக இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை! லண்டனில் ஜி-விஸ் என்கிற பெயரில் ஓடிப் புகழ் பெற்றது. இங்கேயோ அது வீட்டின் இரண்டாவது காராகத்தான் இருக்க முடிந்தது. ஒரு கார் வாங்கவே தலையால் தண்ணீர் குடிக்கிற நாட்டில் இரண்டாவது காருக்கு எங்கே போவது?

திருப்பம் வந்தது லித்தியம் பேட்டரியால். 2010 டிசம்பரில் நிசான் லீஃப் விற்பனைக்கு வந்தது. நிஜமான ஐந்து சீட் குடும்பக் கார். ஆனால் அதுவும் ஒரு பாடம் கற்பித்தது. பேட்டரியைக் குளிர்விக்கத் தனியாகத் திரவ ஏற்பாடு எதையும் நிசான் வைக்கவில்லை. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து வெயிலில் 2012-லேயே பேட்டரிகள் சுருங்க ஆரம்பித்தன. உரிமையாளர்கள் சண்டை போட்ட பிறகுதான் பேட்டரியின் கொள்ளளவுக்குத் தனி உத்தரவாதம் கொடுத்தார்கள். சென்னை அக்னி நட்சத்திரத்தில் கார் வைத்திருக்கப் போகிறவன், இந்த அரிசோனா கதையைத் தெரிந்துகொள்ளாமல் ஷோரூமுக்குப் போகக் கூடாது.

2019-ல் ஹூண்டாய் கோனா எலக்ட்ரிக், நம் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வெளியே வந்தது. நல்ல வண்டி. விலை 25 லட்சம் ரூபாய் என்றதும் எல்லாரும் சல்யூட் அடித்துவிட்டு ஒதுங்கினார்கள். 2020 ஜனவரியில் டாடா நெக்ஸான் இ.வி. 14 லட்சத்தில் ஆரம்பித்தது. அங்கேதான் நடுத்தர வர்க்கம் எட்டிப் பார்த்தது. திரவத்தால் குளிர்விக்கப்படும் பேட்டரி, எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோ மீட்டர் வாரன்டி. காகிதத்தில் 312 கிலோ மீட்டர் ஓடும். ரோட்டில் 200 சொச்சம்.

ஹார்ட்ஃபோர்டை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே? 2024 செப்டம்பரில் எம்.ஜி. கம்பெனி விண்ட்ஸர் என்கிற குடும்ப கிராஸ்ஓவரை இறக்கியது. பேட்டரி இல்லாமல் 9.99 லட்சம், பேட்டரிக்குக் கிலோ மீட்டருக்கு 3 ரூபாய் 50 காசு! புரட்சி என்றார்கள். நூறு வருடத்துக்கு முன்னால் லாரிக்காரர்கள் பார்த்த அதே கணக்கு. கரன்ட் செலவையும் சேர்த்தால் கிலோ மீட்டருக்கு ஐந்து ரூபாய் வந்துவிடும். பெட்ரோலோடு பெரிய வித்தியாசம் இல்லை. கையில் மொத்தமாகப் பணம் இல்லாதவருக்கு அது சௌகரியம். மிச்சம் பிடிக்க நினைப்பவருக்கு இல்லை.

உலகத்துக் கதையும் மாறிவிட்டது. 2023-ல் உலகத்திலேயே அதிகம் விற்ற கார் எது தெரியுமா? டெஸ்லா மாடல் ஒய். எலக்ட்ரிக் குடும்ப கிராஸ்ஓவர்! நார்வேயில் 2024-ல் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது எலக்ட்ரிக். 2025 ஆகஸ்டில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் தூத்துக்குடியில் தொழிற்சாலையே திறந்துவிட்டது. எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். ‘ஊருக்கு எப்படிப் போவது’ என்று நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், எலக்ட்ரிக் கிராஸ்ஓவர் ஊரிலேயே தயாராகிக்கொண்டிருக்கிறது!

இத்தனையையும் படித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தேன்.

பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய், லிட்டருக்கு 14 கிலோ மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கிலோ மீட்டருக்கு ஏழு ரூபாய். எலக்ட்ரிக் ஒரு யூனிட்டுக்கு ஆறு, ஏழு கிலோ மீட்டர் ஓடும். யூனிட் பத்து ரூபாய் என்றே வைத்தாலும் ஒன்றரை ரூபாய். மிச்சம் ஐந்தரை ரூபாய். மாதம் 1,000 கிலோ மீட்டர் என்றால் வருடத்துக்கு 66,000 ரூபாய். கார் விலையில் நாலு லட்சம் கூடுதல் என்றால் ஆறு வருடத்தில் கழிந்துவிடும். பேட்டரி வாரன்டி எட்டு வருடம். சரி, தேறும். இதே நான் மாதம் 300 கிலோ மீட்டர்தான் ஓட்டுகிறேன் என்றால், எலக்ட்ரிக் வாங்குவது கணக்குப்படி நஷ்டம். வேறு காரணங்களுக்காக வாங்கலாம், காசு மிச்சம் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. ஒரு நிபந்தனையும் இருக்கிறது. இந்தக் கணக்கு வீட்டில் சார்ஜ் போடுகிறவருக்கு மட்டும்தான். வெளியே, வேகமாக சார்ஜ் ஏற்றும் இடங்களில் யூனிட் விலை இரண்டு மடங்கு போகும்.

சுற்றிச் சுற்றி அங்கேயே வருகிறது பாருங்கள். கார் எங்கே தூங்கும்?

எங்கள் அபார்ட்மென்ட்டில் 24 வீடுகள். கீழே தூண்களுக்கு நடுவில் பார்க்கிங். அசோசியேஷன் கூட்டத்தில் எழுந்து, என் இடத்தில் ஒரு பிளக் பாயின்ட் வேண்டும் என்றேன். என்னவோ வெடிகுண்டு வைக்கப் போகிறேன் என்பது போல ஆளாளுக்குக் கிளம்பினார்கள். தீப்பிடிக்கும், பொது மீட்டரில் பில் ஏறும், ஒருத்தருக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள். இரண்டு கூட்டம் இப்படியே போனது. ஷோரூமில் எந்த கார் என்று தீர்மானித்துவிட்டோம், புக் பண்ண முடியவில்லை. அப்போதுதான் புரிந்தது. டெட்ராய்ட்டில் 1912-ல் எலக்ட்ரிக் கார் ஆசையோடு வாடகை வீட்டில் இருந்த ஆளின் நிலைமை இதுதான். தோற்றது காரில் இல்லை, வாசலில்.

மூன்றாவது கூட்டத்தில் முதல் மாடியில் இருக்கும் பெரியவர் வாயைத் திறந்தார். இ.பி.யில் வேலை பார்த்து ரிட்டயரானவர். ‘‘தம்பி அவர் வீட்டு மீட்டர்லேர்ந்து தனி ஒயர் இழுத்துக்கட்டும். தனி ட்ரிப் சுவிட்ச், நல்ல எர்த். லோடு கூடுச்சுன்னா ஆபீஸ்ல எழுதிக் குடுக்கட்டும். வீட்டுல ரெண்டு ஏ.சி. போட்டா நாம கேக்கறோமா?’’ என்றார். ஒரு நிமிடம் அமைதி. ‘‘நாளைக்கு என் பையனும் வாங்குவான்’’ என்று சேர்த்துக்கொண்டார். தீர்மானம் நிறைவேறியது.

சாதாரண 15 ஆம்பியர் பாயின்ட்தான். ராத்திரி பத்து மணிக்குச் செருகினால் காலை ஆறு மணிக்குள் ஏறத்தாழ 20 யூனிட் ஏறிவிடும். நூறு கிலோ மீட்டருக்கு மேலேயே போகலாம். எங்களுக்கு வேண்டியது நாற்பது.

மற்றதையெல்லாம் என் மனைவிதான் பார்த்தாள். பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால் சில வண்டிகளில் பின் சீட்டுக்காரர் முட்டியைத் தூக்கிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. அதனால் முட்டி வலிக்காரரான தன் அம்மாவைக் கூட்டிப்போய் உட்கார வைத்துப் பார்த்தாள். மழைத் தண்ணீரில் போனால் பேட்டரி தாங்குமா, காரை விற்றால் வாரன்டி அடுத்தவருக்குப் போகுமா என்று எழுதி வாங்கினாள். 300 என்று போட்டிருந்தால் 200 என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று எனக்குப் பாடம் எடுத்தாள்.

அந்த எட்டு நாள்? நெடுஞ்சாலை ஓட்டல்களில் இப்போது சார்ஜர் வந்துவிட்டது. திருநெல்வேலி போக இரண்டு, மூன்று இடத்தில் நிறுத்த வேண்டிவரும். சாப்பிட, டீ குடிக்க எப்படியும் நிறுத்துகிறோம். ஒரு இடத்தில் சார்ஜர் வேலை செய்யவில்லை என்றால் அவஸ்தைதான். தீபாவளிக்கு முதல் நாள் என்றால் வரிசையும் இருக்கும். அந்த ஒரு நாள் மட்டும் ரயிலில் போய்க்கொள்ளலாம் என்பது எங்கள் வீட்டு ஒப்பந்தம். பெர்த்தா பென்ஸ் மருந்துக் கடையைத் தேடி அலைந்ததை நினைத்தால், நாம் படப் போவது பெரிய கஷ்டம் இல்லை.

போன வாரம் எலக்ட்ரீஷியன் வந்து பாயின்ட் அடித்துவிட்டுப் போனார். காருக்கு இன்னும் ஒன்றரை மாதம் ஆகுமாம். பழைய காரை அந்த பிளக்குக்குக் கீழேதான் நிறுத்துகிறோம்.

கார் வரவில்லை. தூங்க இடம் தயார்.